பழைய கதவு எண்ணை அழிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் ஒரு நாலு வரிச் செய்தி வந்திருந்தது. மென்பொருள் மேம்பாட்டுப் பணி காரணமாகச் சில மையங்களில் சேவை தடைபட்டது, ஓரிரு நாளில் சரியாகிவிடும் என்று. அந்த ஓரிரு நாளில் இரண்டு பஸ் மாறி வந்து, சாரலில் வரிசையில் நின்று, "சர்வர் இல்லீங்க, நாளைக்கு வாங்க" என்ற பதிலை வாங்கிக்கொண்டு திரும்பிப் போனவர்களில் என் மாமனாரும் ஒருவர். வீட்டுக்கு வந்ததும் அவர் என்னைத்தான் திட்டினார், ஏனென்றால் எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் சம்பந்தமாக எது கெட்டாலும் பொறுப்பு என்னுடையது. திட்டு வாங்கியது சரிதான் என்று தோன்றியதால்தான் இந்தக் கடிதம்: மென்பொருளை மாற்றும்போது பழையதை நம்பி இருப்பவர்களை நடுத்தெருவில் விடாமல் இருப்பது எப்படி என்பதைப் பற்றி. கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கோத்தகிரிப் பக்கம் 2006 முதல், தேயிலைக் கொள்முதல் கொட்டகைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் நடுவில் ஓடும் கணக்கு மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். விவசாயி கொண்டுவரும் பச்சை இலையைக் கொட்டகையில் எடை போடுவார்கள், எடை எங்கள் சர்வருக்கு வரும், அங்கிருந்து தொழிற்சாலையின் கணக்கு நிரலுக்குப் போகும், மாதக் கடைசியில் பணமாக வங்கிக்குப் போகும். இதில் ஒவ்வொன்றும் வேறு வேறு ஆள், வேறு வேறு வருடத்தில், வேறு வேறு மொழியில் எழுதிய நிரல். ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு ஒரு வாசல் வேண்டும், அதைப் புத்தகத்தில் இடைமுகம் என்பார்கள், நாங்கள் ஏபிஐ என்போம். இப்படிக் கேட்டால் இப்படித் தருவேன், இப்படிக் கொடுத்தால் வாங்கிக்கொள்வேன் என்கிற வாய்ப்பேச்சு ஒப்பந்தம் மாதிரிதான் அது. ஒரு தடவை ஒப்பந்தம் பேசி முடித்து, பத்து வருடம் ஓடிவிட்டால், அதை நம்பி யார் யார் பிழைக்கிறார்கள் என்று வாசல் வைத்தவனுக்கே தெரியாது. இதுதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். உள்ளே இருப்பவன் "என் சர்வர், நான் மாற்றுகிறேன்" என்று நினைக்கிறான். மாற்றத்தின் பாரத்தைச் சுமப்பது வெளியே நிற்கிறவன்.

சென்னையில் என் தங்கை வீட்டு முகவரியில் பழைய எண் 14, புதிய எண் 27 என்று இரண்டும் இருக்கும். சென்னையில் பாதித் தெருக்கள் இப்படித்தான். மலையிலிருந்து போன புதிதில் எனக்கு இது கேலியாக இருந்தது. ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு எண்? அப்புறம் யோசித்தால், புது எண் கொடுத்தவர்கள் பழைய எண்ணை அழித்திருந்தால் எத்தனை கடிதம், எத்தனை சிலிண்டர், எத்தனை கல்யாணப் பத்திரிகை வழி தெரியாமல் திரும்பியிருக்கும்? இரண்டையும் எழுதி வைத்தது நல்ல ஏற்பாடு. ஆனால் அதே தெருவில் இன்னொரு சங்கதியும் உண்டு. என் தங்கை வீடு பழைய 14. தெருக்கோடியில் ஒரு வீடு புதிய 14. கூரியர்காரர் வெறும் 14 என்று இருந்தால் எந்த வீட்டில் தட்டுவார்? தட்டுகிற வீட்டில் கதவும் திறக்கும், கையெழுத்தும் போடுவார்கள், பார்சலும் வாங்கி வைத்துக்கொள்வார்கள். அதுதான் பயங்கரம். முகவரி இல்லை என்று திரும்பி வந்தால்கூடத் தேவலை.

மென்பொருளில் இதற்கென்று கண்டிப்பான வழக்கமே இருக்கிறது. நிரல்கள் ஒன்றுக்கொன்று தகவல் அனுப்பிக்கொள்ள கூகுள் உருவாக்கிய புரோட்டோகால் பஃபர்ஸ் முறையில் ஒவ்வொரு ஃபீல்டுக்கும், அதாவது செய்திக்குள் ஒரு தகவல் உட்காரும் கட்டத்துக்கும், ஓர் எண் இருக்கும். ஒரு ஃபீல்டை எடுத்துவிட்டால் அதன் எண்ணை மறுபடி வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது, இது ஒதுக்கப்பட்டது என்று எழுதி வைத்துவிட வேண்டும். போனவரின் நாற்காலியில் வேறு ஆளை உட்கார வைக்காதே என்று அர்த்தம். நான் அந்தத் தப்பைச் செய்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

2014 வாக்கில் நடந்தது. எங்கள் ஏபிஐயில் ‘எடை’ என்று ஒரு ஃபீல்டு. சாக்கோடு சேர்த்த எடை அது. தொழிற்சாலையின் கணக்கு நிரல் அதை வாங்கி, சாக்குக்கு அரைக் கிலோ கழித்து, மழை நாளில் ஈரக் கழிவும் பிடித்துக் கணக்கெழுதும். ஒரு புதுத் தொழிற்சாலைக்காரர், "ஏன் நாங்க கழிக்கணும், நீங்களே கழிச்சு நிகர எடையா குடுத்துடுங்க" என்றார். நியாயமாகப் பட்டது. ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்து ஒரே ஒரு வரி மாற்றினேன். ஃபீல்டின் பெயர் அதே ‘எடை’. எண் வடிவமும் அதே, தசமப் புள்ளிக்கு அப்புறம் ஓர் இலக்கம். ஒரு சோதனையும் தோற்கவில்லை. திரையெல்லாம் பச்சை. நான் தூங்கப் போய்விட்டேன்.

பழைய தொழிற்சாலைகளின் நிரல்கள் என்ன செய்யும்? வழக்கம்போலக் கழிக்கும். ஏற்கெனவே கழித்த எடையிலிருந்து மறுபடியும் கழித்தன. ஒரு மாதம் முழுக்க.

எந்தக் கம்ப்யூட்டரும் கத்தவில்லை. கண்டுபிடித்தது ஓர் அம்மா. அவருக்கு அரை ஏக்கருக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தோட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு நாளும் தன் இலை எடையைப் பென்சிலால் எழுதி வைப்பார். மாதச் சீட்டு வந்ததும் நோட்டையும் சீட்டையும் முந்தானையில் சுற்றிக்கொண்டு என் கடைக்கு வந்து, மேசை மேல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நோட்டுல ஒண்ணு இருக்கு, சீட்டுல ஒண்ணு இருக்கு, எது நெசம் தம்பி?" என்றார். நான் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் "கம்ப்யூட்டர் கணக்கும்மா, தப்பா இருக்காது" என்று சொன்னேன். இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சூடாகிறது. அவர் போகவில்லை. பெஞ்சில் உட்கார்ந்தார். "ஒம்போது நாள் குடுத்தேன், தினம் நாலு சாக்கு, சாக்குக்கு அரைக் கிலோதான பிடிப்பாங்க, எனக்குப் பதினெட்டுக் கிலோ கூடுதலாப் போயிருக்கு" என்றார். 36 சாக்கு, அரை அரையாக 18 கிலோ. கால்குலேட்டர் இல்லாமல் சொன்னார். 18 என்ற எண்ணைக் கேட்டதும்தான் எனக்கு அந்த ராத்திரி பத்து மணி ஞாபகம் வந்தது.

அன்றைய பச்சை இலை விலையில் அது 200 ரூபாய் பக்கம்தான். ஆனால் அவர் ஒருவருக்கா? அந்த மாதம் இலை கொடுத்த எல்லோருக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அடுத்த மாதம் பாக்கியாகச் சேர்த்துக் கொடுத்தோம், தொழிற்சாலைக்காரர்கள் பெரிய மனது பண்ணினார்கள். வாசலை எப்படிச் சரி செய்தேன் என்றால், ‘எடை’யைத் திரும்பவும் சாக்கோடு சேர்ந்த எடையாகவே ஆக்கிவிட்டேன், அது சாகும்வரை அப்படியேதான் இருக்கும். பக்கத்தில் ‘நிகர எடை’ என்று புதுசாக ஒன்று சேர்த்தேன். வேண்டியவர் புதுசை எடுத்துக்கொள்ளட்டும். புதுப் பொருளுக்குப் புதுப் பெயர் என்ற இந்தச் சின்ன விஷயத்தை அன்று ராத்திரியே செய்திருந்தால் ஐந்து நிமிடம்தான் கூடுதலாகப் பிடித்திருக்கும்.

இன்னொரு கதை, இது உங்களுக்குப் பிடிக்கும். எடை பதிவானதும் எங்கள் சர்வர் ஒரு செய்தி அனுப்பும்: "பதிவுச் செய்யப்பட்டது". ஆமாம், அந்த ‘ச்’ அங்கே வரக் கூடாது. எழுதிய காலத்தில் எனக்குத் தெரியாது. பல வருடம் கழித்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சீட்டைப் பார்த்துவிட்டு, டீக்கடையில் நாலு பேர் முன்னால் என் மானத்தை வாங்கினார். அன்று மாலையே அந்த ‘ச்’ என்ற ஒற்றெழுத்தை நீக்கினேன். யாருக்கு என்ன கெடுதல்? ஓர் எழுத்து, அதுவும் பிழையான எழுத்து.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஒரு தொழிற்சாலையிலிருந்து போன். ஒரு சீட்டும் அடிக்கவில்லை, இலை வண்டிகள் வாசலில் நிற்கின்றன. சாக்கில் அடைத்த இலை அதிக நேரம் கிடந்தால் உள்ளே சூடேறிச் சிவந்துவிடும், சிவந்த இலையில் நல்ல தூள் வராது, அதனால் அங்கே ஒவ்வொரு கால் மணி நேரமும் பணம். ஓடிப்போய்ப் பார்த்தால், அந்த முதலாளியின் மகன் கல்லூரி விடுமுறையில் எழுதிய சின்ன நிரல் ஒன்று, எங்கள் செய்தி எழுத்துக்கு எழுத்து "பதிவுச் செய்யப்பட்டது" என்று இருந்தால்தான் பிரிண்டருக்குச் சீட்டு அனுப்புமாம். செய்தியின் வாசகத்தைப் பார்க்கச் சொல்லி நான் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லாமலே ஒருவர் அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். கூகுளில் பணியாற்றிய ஹைரம் ரைட் என்ற பொறியாளரின் பெயரில் இதற்கு ஒரு விதியே வழங்குகிறது: பயன்படுத்துகிறவர்கள் நிறையப் பேர் ஆகிவிட்டால், நீ எதை வாக்குக் கொடுத்தாய் என்பது முக்கியமில்லை, உன் நிரல் வெளியே காட்டுகிற எதையும் யாரோ ஒருவர் நம்பிக் கட்டியிருப்பார். அன்று காலை ஏழரைக்கு ‘ச்’ திரும்பி வந்தது. இன்றும் பழைய வெர்ஷனில் அந்த ஒற்றுப்பிழை உயிரோடு இருக்கிறது. புது வெர்ஷனில் வாசகத்தோடு ஒரு குறியீட்டு எண்ணையும் அனுப்புகிறேன், எண்ணைப் பாருங்கள், வாசகம் மனிதருக்கு, மாறும் என்று கையேட்டில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன். தமிழாசிரியர் இந்தக் கடிதத்தைப் படித்தால் மன்னிக்க வேண்டும்.

நான் மட்டுமில்லை. உலகம் முழுக்க எல்லா பிரவுசரும் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறேன் என்று சர்வருக்குச் சொல்ல அனுப்பும் ‘ரெஃபரர்’ என்ற தலைப்பு வரியில் ஆங்கில எழுத்து ‘ஆர்’ ஒன்று விட்டுப்போயிருக்கிறது. பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் விதிகளுக்கு எச்டிடிபி என்று பெயர், 1996இல் வந்த அதன் ஆவணத்திலேயே அந்தப் பிழை இருக்கிறது. அதற்குள் பல இடத்தில் பரவிவிட்டது. திருத்தவில்லை, திருத்தவும் முடியாது. நம் ஆய்த எழுத்துக்கும் அதே கதிதான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் கம்ப்யூட்டரில் பொதுவான எண் கொடுக்கும் யூனிகோடில் ஃ-க்கு வைத்த ஆங்கிலப் பெயர் ‘விசர்கா’. ஒரு தடவை வைத்த பெயரை மாற்றுவதில்லை என்பது அவர்கள் கொள்கை, அதனால் பக்கத்தில் ‘ஆய்தம்’ என்று குறிப்பு மட்டும் எழுதி வைத்திருக்கிறார்கள். எனக்கு வருத்தம்தான், ஆனால் அந்தப் பிடிவாதத்தால்தான் இருபது வருடத்துக்கு முன் யூனிகோடில் அடித்த கோப்பு இன்றும் அப்படியே திறக்கிறது. அதற்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்த கட்டுரை வந்தால் உங்கள் அலுவலகத்தில் என்ன பாடு என்று உங்களுக்கே தெரியும்.

1978 எழுத்துச் சீர்திருத்தத்தையும் இந்தக் கண்ணால் பார்க்கலாம். பெரியார் 1935 முதலே கையாண்ட ணை, லை, றா மாதிரியான எழுத்துகளைத் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது. யானைக்கொம்பு போட்ட பழைய லை-யில் அச்சான புத்தகங்களை யாரும் கொளுத்தவில்லை. எங்கள் பாட்டி கடைசிவரை கொம்புதான் போட்டு எழுதினார், அந்தக் கடிதத்தை என் அம்மா தட்டுத்தடங்கல் இல்லாமல் படித்தார், பதில் மட்டும் புது எழுத்தில் எழுதினார். பழசைப் படிக்கத் தெரிய வேண்டும், எழுதும்போது புதுசாக எழுத வேண்டும். இணையத்தின் அடிப்படை விதிகளை எழுதியவர்களில் ஒருவரான ஜான் போஸ்டல் 1980இல் ஏறக்குறைய இதையேதான் சொன்னார்: கொடுப்பதில் கண்டிப்பாக இரு, வாங்குவதில் தாராளமாக இரு. ரொம்பத் தாராளமும் ஆகாது என்று பின்னாளில் வாதம் வந்தது, அதுவும் சரி. ஒரு காலத்தில் எடை காலியாக வந்தால் பூஜ்யம் என்று பெருந்தன்மையாக எடுத்துக்கொண்டேன், ஒரு தராசு பழுதாகிக் கிடந்தது மூன்று வாரம் யாருக்கும் தெரியவில்லை.

தாராளம் வேண்டிய இடம் ஒன்று உண்டு, அது தெரியாத ஃபீல்டைக் கண்டுகொள்ளாமல் விடுவது. நான் தொழிலுக்கு வந்த சமயத்தில் நிரல்கள் செய்தி அனுப்பிக்கொள்ள எல்லாம் சோப்பு, எக்ஸ்எம்எல் என்ற முறைகள்தான் (குளிக்கிற சோப்பு இல்லை). எந்த வரிசையில் எது வர வேண்டும் என்று ஒரு கண்டிப்பான வரையறைக் கோப்பு, அதிலிருந்து தானாக உருவான நிரல். நடுவில் விவசாயியின் செல்போன் எண் என்று ஒன்றைச் சேர்த்தேன், மூன்று இடத்தில் நிரல் மொத்தச் செய்தியையும் தூக்கி எறிந்தது. வேண்டாததை விட்டுவிட்டு வேண்டியதை எடுத்துக்கொள்ள ஒரு குழந்தைக்குத் தெரியும், அதற்குத் தெரியவில்லை. அதிலிருந்து புதிதாக எங்களோடு இணைகிறவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே, தெரியாததைப் பார்த்துப் பதறாதே என்பதைத்தான்.

மலைக்கென்று தனிப் பாடம் ஒன்று இருக்கிறது, அதைச் சமவெளி ஆட்களுக்குப் புரியவைப்பது கஷ்டம். ஞாயிறு நள்ளிரவு 12 மணிக்குப் பழசை நிறுத்துவோம், 12 மணி ஒரு நிமிடத்துக்குப் புதுசு ஓடும் என்று திட்டம் போடுவார்கள். எங்கள் கொட்டகைகளில் பாதியில் சிக்னல் கிடையாது. தராசுக்குப் பக்கத்தில் இருக்கும் கருவி எடைகளைத் தனக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு, ஜீப்பில் ஏறி டவர் கிடைக்கும் வளைவுக்கு வந்ததும் மொத்தமாக அனுப்பும். ஒரு ஐப்பசி மழையில் மண் சரிந்து ஒரு கொட்டகைக்கு நாலு நாள் வழி இல்லை. அந்த நாலு நாளுக்குள்தான் நாங்கள் கெட்டிக்காரத்தனமாகப் புது வெர்ஷனுக்கு மாறியிருந்தோம். ஐந்தாம் நாள் பழைய வடிவில் நாலு நாள் எடை வந்து கதவைத் தட்டியது, சர்வர் யார் நீ என்று கேட்டது. கார்பன் தாள் வைத்து எழுதிய சீட்டு இருந்ததால் பிழைத்தோம். திட்டத்தில் தேதி ஒன்றுதான், ஆனால் மலையில் செய்தி கிளம்பிய தேதி வேறு, வந்து சேரும் தேதி வேறு. அதனால் இப்போது ஒவ்வொரு செய்தியிலும் தான் எந்த வெர்ஷன் என்பது எழுதியிருக்கும். முதலில் கேட்கிறவன் இரண்டு பேச்சையும் புரிந்துகொள்ளக் கற்க வேண்டும், அது நன்றாகப் பழகிய பிறகுதான் பேசுகிறவன் மாறலாம், எல்லோரும் மாறி முடித்த பிறகு பழசை எடுக்கலாம். இந்த வரிசை தலைகீழாகப் போனால்தான் என் மாமனார் மாதிரி ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள்.

அப்படியானால் எதையுமே மாற்றாதே என்கிறாயா என்று கேட்பீர்கள். நம் மலை ரயிலைப் பாருங்கள். 1899இல் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் வந்தது. கல்லாறு தாண்டியதும் 12.5 அடிக்கு ஓர் அடி ஏறும் சரிவு, அதனால் தண்டவாளங்களுக்கு நடுவில் பல்சட்டம், அதில் எஞ்சினின் பல்சக்கரம் கடித்துக் கடித்து ஏறும். வெகு காலம் ஓடியவை கரி எஞ்சின்கள், சுவிட்சர்லாந்தில் செய்தவை. நூறு வருடம் கழித்துத் திருச்சி பொன்மலைப் பணிமனையில் எண்ணெய் எரிக்கும் நீராவி எஞ்சின்கள் செய்தார்கள். அடுப்பு மாறியது, எரிபொருள் மாறியது, செய்த நாடே மாறியது. அந்தப் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளி மாறவில்லை. மாறியிருந்தால் புது எஞ்சின் கல்லாற்றிலேயே நின்றிருக்கும். உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்று, பல் கடிக்கும் இடத்தில் மட்டும் கை வைக்காதே என்று என்னிடம் வேலைக்கு வரும் பையன்களிடம் இதைத்தான் சொல்கிறேன். 1992க்குப் பிறகு நாடு முழுக்க அகலப்பாதை ஆனபோதும் இது மீட்டர் பாதையாகவே இருந்தது, அதற்கு விலை மேட்டுப்பாளையத்தில் ஒவ்வொரு நாள் காலையும் கொடுக்கப்படுகிறது. சென்னையிலிருந்து வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் நிற்கும், எல்லோரும் பெட்டி படுக்கையோடு இறங்கி வேறு ரயிலுக்கு மாற வேண்டும். மாற்றாமல் வைத்திருப்பதற்கும் செலவு உண்டு, யாராவது ஓர் இடத்தில் மூட்டை தூக்கத்தான் வேண்டும். எங்கள் சர்வரில் அந்த மேட்டுப்பாளையம் ஒரு சின்ன மொழிபெயர்ப்பு நிரல். உள்ளே ஒரே கணக்கு, ஒரே பேச்சு. பழைய வெர்ஷனில் வருகிறவருக்கு வாசலிலேயே மொழிபெயர்த்து உள்ளே அனுப்புவோம், பதிலையும் மொழிபெயர்த்துக் கொடுப்போம். முன்பு மூன்று வெர்ஷனுக்கு மூன்று நிரல் வைத்து, ஒரு பிழையை மூன்று இடத்தில் திருத்தி, ஒன்றில் மறந்து, அந்தக் கூத்தெல்லாம் இப்போது இல்லை.

ஆனாலும் ஒரு நாள் மூடத்தான் வேண்டும். சில சமயம் கட்டாயமாகவே. இணையத்தில் செய்தியைப் பூட்டி அனுப்பும் டிஎல்எஸ் முறையின் 1.0, 1.1 வெர்ஷன்களை 2021 மார்ச்சில் தரநிலை அமைப்பே கைவிடச் சொல்லிவிட்டது. பணம் போகிற வழியில் பழைய பூட்டைப் பாசத்துக்காக வைத்திருக்க முடியாது. அதில் எனக்குச் சண்டை இல்லை. சண்டை எல்லாம் எப்படி மூடுகிறார்கள் என்பதில்தான். சிண்டிகேட் வங்கி 2020 ஏப்ரலில் கனரா வங்கியோடு இணைந்தது நினைவிருக்கும். பணம் எந்தக் கிளைக்குப் போக வேண்டும் என்று சொல்லும் பழைய ஐஎஃப்எஸ்சி எண்கள் அன்றே செத்துப்போகவில்லை, 2021 ஜூன் 30 வரை செல்லும் என்று விட்டு வைத்தார்கள். பதினைந்து மாதம். அதற்குள் எங்கள் விவசாயிகளின் பாஸ்புக்கை வாங்கி வாங்கி மாற்றினோம், கடைசி வாரத்தில் மாற்றியவர்களும் உண்டு, ஆனால் மாற்ற முடிந்தது. அதே ஐஎஃப்எஸ்சியில் ஐந்தாவது இடத்தில் எப்போதும் ஒரு பூஜ்யம் இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? பின்னால் தேவைப்பட்டால் என்று ஒதுக்கி வைத்த இடம். அதை வைத்தவர் யாரோ, அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுக்க ஆசை.

மூடும் முன் யார் இன்னும் வருகிறார்கள் என்று எண்ண வேண்டும். எண்ணுவது என்றால் மின்னஞ்சல் அனுப்பிவிட்டு பதில் இல்லை, ஆகவே யாரும் இல்லை என்று முடிவு செய்வது இல்லை. எச்டிடிபியில் இந்தச் சேவை இன்ன தேதியோடு முடிகிறது என்று சொல்ல ‘சன்செட்’ என்ற தலைப்பு வரி 2019 முதல் இருக்கிறது, நானும் அனுப்புகிறேன், கொட்டகைக் கருவி அதைப் படித்துவிட்டு யாரிடம் போய்ச் சொல்லும்? நான்தான் யார் எப்போது வந்தார்கள் என்று சர்வர் எழுதி வைக்கும் லாக்கைப் பார்த்து, ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிட்டு, "அண்ணா, உங்க மெஷின் இன்னும் பழசுலதான் பேசுது" என்று சொல்ல வேண்டும். நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல்களைச் சேர்த்து வைக்கும் கிட்ஹப் தளம் 2020இல் வெறும் கடவுச்சொல்லை வைத்து ஏபிஐக்குள் நுழைவதை நிறுத்துவதற்கு முன்னால், தேதி அறிவித்துச் சில மணி நேரம் மட்டும் நிறுத்திப் பார்த்து மறுபடி திறந்தது. கவனிக்காதவர்கள் அலறியடித்துக்கொண்டு கவனிக்கட்டும் என்று. நாங்கள் இதை ஜனவரியில் செய்கிறோம். உறைபனியில் இலை கருகிக் கொள்முதல் குறைந்திருக்கும் வாரம், காலை பதினொரு மணிக்கு, கால் மணி நேரம். போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்போம். ஒவ்வொரு தடவையும் நாங்கள் மறந்தே போன யாரோ ஒருவர் கூப்பிடுகிறார்.

ஆகவே டெண்டர் எழுதும் அதிகாரிகளும் மேலாளர்களும் உங்கள் நாளிதழைப் படிக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன். புது மென்பொருளுக்குக் கேட்கிற நூறு நிபந்தனையில் இன்னும் ஒன்றைச் சேருங்கள்: பழைய வாசல் எத்தனை மாதம் திறந்திருக்கும், அதில் வருகிறவர்களை எண்ணுவது யார் வேலை, அதற்குக் காசு எவ்வளவு. காசு ஒதுக்காத வேலையை யாரும் செய்ய மாட்டார்கள், நானும் செய்ய மாட்டேன். உங்கள் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த தடவை மேம்பாட்டுப் பணி என்று யாராவது அறிக்கை கொடுத்தால், நேற்று பழையதில் எத்தனை பேர் வந்தார்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் தெரிந்தவர் இருந்தால் அவர் பேரைக் கொட்டை எழுத்தில் போடுங்கள்.

என் லாக்கில் இப்போது முதல் வெர்ஷனில் பேசுவது ஒரே ஒரு கருவி. கட்டபெட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளத்தில் இருக்கும் கொட்டகை, ஒரு நாளைக்கு ஒரு தடவை, சாயங்காலம் ஐந்தே முக்கால் வாக்கில், சில நாள் பத்து எடை, சில நாள் மூன்று. அந்த ஒன்றுக்காக ஒற்றுப்பிழையோடு முழு வாசலும் திறந்திருக்கிறது. இரண்டு தடவை போன் பண்ணினேன், எடுத்தவர் "நல்லாத்தானே ஓடுது" என்று வைத்துவிட்டார். புதுக் கருவி ஒன்றைப் பையில் போட்டு வைத்திருக்கிறேன், மழை விட்டால் செவ்வாய்க்கிழமை நேரில் போகிறேன்.

இப்படிக்கு,
கொட்டகைக் கணக்குப் பார்ப்பவன்,
கோத்தகிரி.